ஆக்கர் கடையில கெடக்குற பழைய டூர் ஸ்டவ்வத் தேடிப்பிடிச்சு எரிய வைக்கிறது எப்படி

பழைய டூர் ஸ்டவ், அதாவது பயணத்துக்குக் கையோட கொண்டு போற குட்டி ஸ்டவ், சேக்கணும்னு சொல்லி எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அண்ணே இந்த பித்தளைய பளபளன்னு ஆக்க என்ன போட்டுத் தேய்க்கணும்னு. மக்கா அதெல்லாம் கடைசி வேலை. முதல்ல பம்ப்ப அடி, காத்துப் பிடிக்குதான்னு பாரு, பர்னர் சீறுதான்னு கேளு. எரியாத ஸ்டவ்வ தேய்ச்சு அலமாரியில வச்சா அதுக்கும் சாமி ரூம்ல இருக்குற சொம்புக்கும் என்ன வித்தியாசம். நான் எரிஞ்சு பாக்காத ஒண்ணையும் என் கணக்குல சேக்குறதே இல்ல.

எனக்கு முதல்ல கெடச்சது கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் ஒரு ஆக்கர் கடையில, அதாவது பழைய சாமான எடைக்கு எடுக்குற கடையில. பழைய குக்கர் மூடி, உடைஞ்ச ஃபேன், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினோட பல்சக்கரம் இதுக்கெல்லாம் நடுவுல ஒரு துருப்பிடிச்ச தகரப் பெட்டி, திறந்தா உள்ள கைக்கு அடக்கமா ஒரு பித்தளை டேங்க், தனியா மூணு கால், தனியா பர்னர், ஒரு குட்டி டப்பாவுல ரெண்டு பின். கடைக்கார அண்ணாச்சிக்கு அது என்னன்னே தெரியல, "இது தட்டாங்க நகை ஊதுற லேம்ப்பா இருக்கும்டே"ன்னு சொல்லி தராசுல வச்சு பித்தளை வெலைக்கு எடை போட்டுத் தந்தாவ. வீட்டுல கொண்டு வந்து துடைச்சுப் பாத்தா டேங்க் மேல பிரைமஸ், 96, ஸ்வீடன்னு அடிச்சிருந்தது. நம்ம வீட்டு அடுக்களையில இருந்த பெரிய பம்ப் ஸ்டவ்வோட குட்டித் தம்பி அது, கால கழட்டி, பர்னர கழட்டி, டேங்க் வாய்க்கு ஒரு மூடி போட்டு பெட்டிக்குள்ள வச்சுட்டு மலை ஏறலாம்.

வரலாறு ரொம்ப நீட்டல. 1892ல ஸ்டாக்ஹோம்ல ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட்னு ஒருத்தரு திரி இல்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ்வ கொண்டு வந்தாரு, அதுதான் பிரைமஸ், அதுக்கப்புறம் நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி ஸ்டவ்வா இருந்தாலும் பிரைமஸ்னே பேராயிடுச்சு. 1911ல தென்துருவத்துக்குப் போன அமுண்ட்சென் கையிலயும், 1953ல எவரெஸ்ட் ஏறின குழுகிட்டயும் இருந்தது இந்த வகைதான். அதே ஸ்வீடன்லதான் ஆப்டிமஸ், ரேடியஸ், ஸ்வேயாங்கற ஸ்டவ் எல்லாம். ஸ்வேயாவ ஆரம்பிச்ச நைபெர்க்குங்கற ஆளு ஊதுலாம்பு கண்டுபிடிச்சவரு, அது போதாதுன்னு ஏரோப்ளேனும் செஞ்சு பாத்திருக்காரு, அது ஒழுங்கா பறக்கல, ஸ்டவ் நல்லா எரிஞ்சது. அமெரிக்கால கோல்மேன், ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துக்காரங்களுக்குன்னு 1942ல ஒரு பாக்கெட் ஸ்டவ் பண்ணாங்க, அதுவும் சேக்குறவங்க தேடுற சாமான்தான். கோல்மேன்ல ஒரு வசதி, நெறைய மாடல்கள்ல அடியில மாசமும் வருஷமும் அடிச்சே இருக்கும், வயசு கண்டுபிடிக்க மண்டைய ஒடைக்க வேண்டாம்.

இந்தியன் ஆயில் கொண்டு வந்த நூதன் ஸ்டவ்வ கொண்டு வந்து காட்டி இதுவும் பழசுதானேம்பாங்க. பழசுதான், ஆனா அது திரி ஸ்டவ், பம்ப்பும் கிடையாது ப்ரெஷரும் கிடையாது. நான் இங்க சொல்லுறது பம்ப் வகையும், பம்ப் இல்லாம தன் சூட்டுலயே ப்ரெஷர் ஏறுற பெட்ரோல் வகையும்தான்.

எங்க தேடுறது. ஆன்லைன்ல வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம், வர்ற செலவுலயும் கஸ்டம்ஸ்லயும் ஸ்டவ்வோட ரெண்டு மடங்கு போயிரும். நம்ம மாவட்டத்துல ஆக்கர் கடைங்க, கோட்டாறு கம்போளத்துல இருக்குற பழைய பாத்திரக் கடைங்க, கீரிப்பாறை பக்கம் எஸ்டேட்ல வேலை பாத்த குடும்பங்க, அப்புறம் சொந்தக்காரங்க வீட்டு மச்சு. 1956 நவம்பர் 1க்கு முன்னால நம்ம ஊரு திருவிதாங்கூர்-கொச்சியில, எங்க பாட்டா எல்லாம் சாமான் வாங்கணும்னா திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குத்தான் போவாவ, அங்கேருந்து வந்த பித்தளை ஸ்டவ் எங்க வீட்டு மச்சுல முப்பது வருஷம் எலி கூட குடியிருந்துச்சு. ஸ்வீடன் பேரு இருந்தாத்தான் எடுப்பேன்னு அடம் பிடிக்காதீங்க. உள்ளூர்ல செஞ்ச பம்ப் ஸ்டவ்வுங்க நெறைய பிரைமஸ் அளவுலயே இருக்கு, வாஷரும் பின்னும் மாறி மாறி சேரும், கத்துக்குறதுக்கு அதவிட நல்லது கெடைக்காது.

கடையில நின்னு பாக்க வேண்டியது என்னன்னா, முதல்ல டேங்க்கோட அடி. தலகீழா பிடிச்சு வெளிச்சத்துல காட்டுங்க, மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தா, அதுவும் அடி வளைவுல, அத அங்கேயே வச்சுட்டு வந்துருங்க. பித்தளைக்கு வயசானா உள்ளுக்குள்ள இருக்குற இறுக்கத்துலயே வெடிக்கும், பத்து எடத்துல ஈயம் பத்த வச்சாலும் பதினொண்ணாவது எடத்துல வரும். சப்பையா ஒடுங்கியிருந்தா பரவால்ல, வெடிப்புதான் ஆகாது. அடுத்தது மரை. மூடி, காத்து திறக்குற ஸ்க்ரூ, பர்னர் உக்காருற வாய் இந்த மூணுலயும் மரை தேஞ்சிருக்கக் கூடாது. மூணாவது பர்னர், ஓட்டை விழுந்து கருகிப்போயிருந்தா வேற பர்னர் போடணும். பம்ப் லூசா இருக்கு, காத்தே பிடிக்கலன்னு கடைக்காரரு வெலைய கொறச்சா சந்தோஷமா வாங்கிக்கோங்க, ஏன்னா அதுதான் இருக்குறதுலயே எளுப்பமான ரிப்பேரு.

வீட்டுக்கு வந்ததும் டேங்க்குல இருக்குற பழைய எண்ணெய ஊத்திட்டு, ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள டேங்க்க முக்கிப் பிடிச்சு பம்ப் அடிங்க. பர்னர கழட்டிட்டு அந்த வாய அடைச்சுக்கணும். குமிழி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. மூடிகிட்டருந்து பொலபொலன்னு வந்தா வாஷர மாத்தினா போதும். அடியில இருந்து ஒரே எடத்துல மெல்ல மெல்ல ஊசி முனை அளவு குமிழி எழும்பி வந்துச்சுன்னா அது வெடிப்பு. அதுக்கு ஈயம் பத்த வைக்கலாம், ஆனா எண்ணெய் வாசம் இருக்குற டேங்க்குல நெருப்ப காட்டுனீங்கன்னா அது ஸ்டவ் இல்ல குண்டு. நல்லா கழுவி தண்ணி நெரப்பி வச்சு பத்த வைக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க, நீங்களா செய்யாதீங்க.

இனி பம்ப். உள்ள கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும், காஞ்சு சுருங்கிப் போயிருக்கும். தையல் மெஷின் எண்ணெயில ராத்திரி ஊறப் போட்டு, காலையில வெளிம்ப விரலால விரிச்சுவிட்டு, சுத்திக்கிட்டே உள்ள எறக்குங்க, ஒரு பக்கம் மடிஞ்சா காத்து பிடிக்காது. நம்ம ஊர்ல எதுக்கும் தேங்காய் எண்ணெய்தான், நானும் அதத்தான் போட்டேன், ஒரு மாசத்துல பிசுபிசுன்னு ஆகி பம்ப் கம்பிய இழுக்கவே முடியல. தோல் கிழிஞ்சிருந்தா செருப்பு தைக்கிறவங்ககிட்ட சொன்னா வட்டமா வெட்டித் தருவாங்க, நனைச்சு ஒரு பழைய வாஷர் மேல வச்சு அழுத்தி காயவிட்டா கிண்ணமா ஆயிரும்.

பம்ப் குழாயோட அடியில ஒரு சின்ன வால்வு இருக்கு, காத்த உள்ள விடும், எண்ணெய வெளிய விடாது. இது கெட்டுப்போச்சான்னு கண்டுபிடிக்க ஒரு வழி, ப்ரெஷர் ஏத்துனப்புறம் பம்ப் கம்பி பேய் பிடிச்ச மாதிரி தானா மேல எழும்பி வந்துச்சுன்னா வால்வு போச்சு. உள்ள ஒரு ஸ்ப்ரிங்கும் உளுந்து அளவுக்கு ஒரு கார்க்கோ ரப்பர் பொட்டோ இருக்கும், அத மாத்தணும். சைக்கிள் ட்யூப்ப வெட்டிப் போட்டுறாதீங்க, மண்ணெண்ணெயில ஊறி ஊதிப் போயிரும், நைட்ரைலோ வைட்டானோ எண்ணெய் தாங்குற ரப்பர்தான் வேணும். இந்த வால்வ கழட்டுறதுக்கு நீளமா ஒரு சாவி ஸ்பேனர் வேணும், எங்கிட்ட அது கெடையாது, நான் போனது எங்க ஊரு பெட்ரோமாக்ஸ் பாட்டாகிட்ட. கோயில் கொடைக்கும் சர்ச் திருநாளுக்கும் பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தவரு, இப்ப லைட் யாருக்கும் வேண்டாம், ஆனா சாமான் பெட்டி மட்டும் அப்படியே இருக்கு. பெட்ரோமாக்ஸும் பம்ப் ஸ்டவ்வும் உள்ளுக்குள்ள அண்ணன் தம்பிதான், அதே தோல், அதே வால்வு, அதே முன்கூட்டி சூடாக்குற வேலை. உங்க ஊர்லயும் அப்படி ஒரு பாட்டா கண்டிப்பா இருப்பாரு, கேட்டுப் பாருங்க, சாயா வாங்கிக் குடுத்தா பாதி நாள் சொல்லித் தருவாரு.

பர்னர் டேங்க்கோட சேருற எடத்துல ஒரு ஈய வாஷர் இருக்கும், பழச எடுத்துட்டு புதுசு போட்டு இறுக்குங்க, ரப்பர் அங்க தாங்காது. பர்னர் நடுவுல எண்ணெய் ஆவி வெளிய வர்ற மூக்குதான் நிப்பிள், அதோட ஓட்டை அரை மில்லிமீட்டருக்கும் கம்மி, அத அடைக்கிறது கரியும் எண்ணெய்ப் பிசினும். பின் குத்தும்போது நேரா குத்துங்க, கோணலா குத்தி பின் உள்ள முறிஞ்சா அன்னைக்கு சோறு கெடையாது. தடிச்ச ஊசிய விட்டு ஓட்டைய பெருசாக்கிட்டா அந்த நிப்பிள் போச்சு, அப்புறம் எப்பவுமே மஞ்சள் தீதான்.

எரிபொருள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல மண்ணெண்ணெய் மட்டும். பெட்ரோல், பெயின்ட் கடை தின்னர் ஒரு சொட்டுகூட கூடாது, மண்ணெண்ணெய் ஆவிய நெருப்புக் காட்டினா சுமாரா 38 டிகிரிக்கு மேலதான் பத்தும், பெட்ரோல் பூஜ்யத்துக்கும் கீழ நாப்பது டிகிரிலயே பத்துற சாமான், சூடான டேங்க்குக்குள்ள அத அடைச்சு காத்தடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். ரேஷன்ல முன்ன மாதிரி இப்ப கெடைக்கிறதில்ல. கடலுக்குப் போற வள்ளத்து மோட்டாருக்குன்னு மானியத்துல வர்ற எண்ணெய யாராவது கைமாத்தித் தர்றேன்னா வாங்காதீங்க, அது அவங்க பொழப்பு. வெளிச்சந்தை வெள்ளை மண்ணெண்ணெய் கொஞ்சம் வாங்கி, பழைய வேட்டித் துணியில வடிகட்டி வச்சுக்கோங்க, டூர் ஸ்டவ்வுக்கு ஒரு தடவைக்கு கால் லிட்டரே மிச்சம்.

பத்த வைக்கிறது. இதுதான் எல்லாரும் பயப்படுற எடம், பயந்து அவசரப்படுறதுனாலதான் தப்பாகுது. டேங்க்ல முக்கால் பங்குக்கு மேல ஊத்தாதீங்க, காத்துக்கு எடம் வேணும். காத்து ஸ்க்ரூவ திறந்தே வைங்க. பர்னருக்குக் கீழ சட்டி மாதிரி ஒரு குழி இருக்கும், அதுல ஸ்பிரிட் ஊத்தி கொளுத்தணும். ஸ்பிரிட் நம்ம ஊர்ல லேசுல கெடைக்காது, கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சின சானிடைசர் ஜெல் நல்லாவே எரியும், ஆனா வெயில்ல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது, எரியலன்னு நெனச்சு மறுபடி ஊத்தி கைய சுட்டுக்காதீங்க. ரெண்டும் இல்லன்னா மண்ணெண்ணெயில நனைச்ச பஞ்சு, கரிப்பிடிக்கும், நம்ம அம்மாமாரு அப்படித்தான் செஞ்சாவ.

அந்தத் தீ அடங்குற வரைக்கும் சும்மா இருங்க. கடைசி நாக்கு மினுக்கு மினுக்குன்னு தள்ளாடும் பாருங்க, அப்ப ஸ்க்ரூவ மூடிட்டு ரெண்டே ரெண்டு பம்ப், பையப் பைய. புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்து நீல வளையம் பிடிச்சுச்சுன்னா ஜெயிச்சாச்சு. ஒரு நிமிஷம் விட்டு இன்னும் பத்துப் பதினஞ்சு அடி, இப்ப சீறும், நெஞ்சுக்குள்ள கேக்குற மாதிரி சத்தம் வரும், தொப்பி போட்ட சத்தமில்லாத பர்னரா இருந்தா மெல்ல இரையும். பர்னர் போதுமான சூடு ஆகாம நீங்க பம்ப் அடிச்சா ஆவிக்குப் பதிலா எண்ணெயே பீச்சி அடிக்கும், ஒரு முழத்துக்கு மஞ்சள் தீ எழும்பும், பதறாதீங்க, ஸ்க்ரூவ திறங்க, ப்ரெஷர் போனா தீ தானா எறங்கும், ஆறினப்புறம் மறுபடி ஸ்பிரிட்ல இருந்து ஆரம்பிங்க. தண்ணி ஊத்தக் கூடாது, பக்கத்துல ஒரு வாளி மணலும் நனைச்ச சாக்கும் வச்சுக்கிட்டா போதும். நிறுத்துறதுக்கும் அதே ஸ்க்ரூதான். டேங்க் சூடா இருக்கும்போது மூடிய திறந்து எண்ணெய் ஊத்துறத மட்டும் எந்த அவசரத்துலயும் செய்யாதீங்க.

பெட்ரோல் வகை வேற கதை. ஸ்வேயா 123, 1955ல இருந்து வருது, பித்தளைக் குடுவை மாதிரி அழகா இருக்கும், மூடியே டம்ளர். ஆப்டிமஸ் 8ஆர் ஒரு தகரப் பெட்டிக்குள்ள மடங்கிப் படுத்திருக்கும். இதுங்க வொயிட் கேஸுங்கற, எதுவும் கலக்காத சுத்தமான பெட்ரோல் மாதிரி எண்ணெய்க்குன்னு செஞ்சது, நம்ம பங்க் பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு, பழைய ரப்பர தின்னுரும், நிப்பிளையும் அடைக்கும். டேங்க் மூடியில ஒரு சேஃப்டி வால்வு இருக்கும், டேங்க் அளவுக்கு மேல சூடானா அது திறந்து ஆவிய பீச்சும், அந்த ஆவியில தீ பிடிச்சா ஊதுலாம்பு மாதிரி ஒரு பக்கமா அடிக்கும். அதனால உள்ள இருக்குற ரப்பர மாத்தாம எரிக்காதீங்க, மூடி இருக்குற பக்கம் ஆளு உக்காராதீங்க, பெரிய சருவத்த மேல வச்சு சூட்ட டேங்க்குக்கே திருப்பாதீங்க. மண்ணெண்ணெயில கை பழகாம இதுக்கு வராதீங்கன்னுதான் நான் எல்லாருகிட்டயும் சொல்லுறது.

எங்க வச்சு எரிக்கிறது. நம்ம ஊரு பிரச்சினை காத்து. ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம், முப்பந்தல்ல காத்தாடி சுத்துற எடத்துல, ஆடி மாசம் போய் ஒரு கட்டன் சாயா போட்டுக் காட்டுறேன்னு நண்பன்கிட்ட பந்தயம் கட்டினேன், முக்கா மணி நேரம் ஆச்சு, தண்ணி கொதிக்கல, தேயிலைத் தூள் மட்டும் பறந்து போச்சு. வீட்டு முற்றத்துல அதே ஒரு லிட்டர் தண்ணி அஞ்சாறு நிமிஷத்துல கொதிக்கும். அதுக்கப்புறம் பழைய எண்ணெய் டின்ன வெட்டி மூணு பக்கம் மறைக்கிற மாதிரி ஒரு தகடு செஞ்சு வச்சிருக்கேன். நாலு பக்கமும் அடைக்கக் கூடாது, டேங்க்குக்கு காத்துப் படணும். அடிக்கடி டேங்க்க தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியலன்னா உடனே நிறுத்துங்க. சொத்தவிளை, முட்டம் மாதிரி கடற்கரையில ஒரு பலகை மேல வைங்க, மணல்ல வச்சா கால் புதைஞ்சு சாயும், சாளைக் கொழம்பு மணலுக்குத்தான். டென்ட்டுக்குள்ளயும் ஜன்னல் மூடின அறையிலயும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசமே இல்லாம ஆளக் கொல்லும்.

காட்டுக்குள்ள நெருப்பு கூடவே கூடாது. காளிகேசம் பக்கம் போனாலும் பேச்சிப்பாறைக்கு மேல போனாலும் ஸ்டவ்வ வீட்டுலயே வச்சுட்டுப் போங்க, 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ட்ரெயின்லயும் எண்ணெயோட கொண்டு போக முடியாது. என்னோட எடம் சொந்தக்காரரோட ரப்பர் தோட்டத்துல ஷீட் அடிக்கிற புரைக்கு முன்னால உள்ள சிமென்ட் தரை. அங்கன மரச்சீனிக் கிழங்க அவிச்சு, காந்தாரி மொளகா அரைச்சு தொட்டுக்கிட்டு, கட்டன் சாயா குடிச்சா போதும். கிழங்கு வேகுற வரைக்கும் நடுவுல ரெண்டு தடவ பம்ப் அடிக்க வேண்டியிருக்கும்.

இப்ப பளபளப்பு கேட்டவங்களுக்கு. புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சு உடனே கழுவிருங்க, அவ்வளவுதான். நான் ரேடியஸ் ஒண்ண ராத்திரி முழுக்க புளித்தண்ணியில ஊறப்போட்டுட்டுத் தூங்கிட்டேன், காலையில எடுத்தா பித்தளை போயி அங்கங்க செம்பு நெறத்துல சொறி பிடிச்ச மாதிரி, புளி பித்தளையில உள்ள துத்தநாகத்த தின்னுட்டு செம்ப மட்டும் மிச்சம் வச்சிருந்தது. தேய்ச்சுத் தேய்ச்சு ஓரளவு சரி பண்ணேன், இன்னும் ஒரு பக்கம் செவப்பாத்தான் இருக்கு. பஃப் மெஷின்ல குடுத்தா இன்னும் மோசம், கம்பெனி பேரே அழிஞ்சு போயிரும். பேரு அடிச்சிருக்குற எடத்த துணியால மட்டும் தொடைங்க. தகரப் பெட்டிக்கு உப்புக்காத்துதான் எமன், கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள வீடுன்னா மாசம் ஒருதடவ மெஷின் எண்ணெய் தொட்ட துணியால ஒரு இழுப்பு இழுத்து வைங்க. எடுத்து வைக்கும்போது டேங்க்ல எண்ணெய் ஒரு சொட்டு இல்லாம கவுத்தி வடிச்சுட்டு, மூடிய இறுக்காம லூசா விட்டு வைங்க, இல்லன்னா அடுத்த தடவ திறக்கும்போது ரப்பர் வாஷர் ஒட்டிக்கிட்டு பாதி மூடியிலயும் பாதி டேங்க்லயும் இருக்கும்.